பீட்டர் ஆப்பிள் வாங்குகிறான்

குளிரூட்டிப் பாதுகாக்கத் தகுந்த பண்டம் எதுவும் அந்த அறையில் இல்லை என்று அம்பலவாண தேசிகர் உள்ளே நுழைந்த மாத்திரத்திலேயே தீர்மானித்துவிட்டார். சுவரோரம் இரண்டு வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் கைப்பேசியைக் குனிந்து தொழுதுகொண்டிருந்த பத்துப் பதினைந்து இளவட்டங்கள். மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடி, அதன் தொட்டியில் எவனோ மிச்சத் தண்ணீரை ஊற்றிவைத்திருந்தான். உயிருள்ளது எது, இல்லாதது எது என்று கூடத் தெரியாத இந்தக் கூட்டத்துக்குத்தான் கடல் தாண்ட வேண்டுமாம். சென்னையில், மூன்றாம் மாடியில், ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குக் காத்திருக்கும் அறை அது. அவர் கையிலிருந்த சீட்டில் இருபத்திரண்டு. கண்ணாடிக் கதவுக்கு மேலே சிவப்பு வெளிச்சத்தில் பதினாறு. தலைக்குப் பத்து நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் ஐந்து பதிகங்களை நிறுத்தி நிதானமாகப் பாடி, திருநீறும் வாங்கி, பிராகாரம் சுற்றி வந்துவிடலாம். இங்கே ஒரு மணி நேரம் என்பது ஒரு மணி நேரமாகவே இருந்தது, வேறொன்றாகவும் ஆக மறுத்தது. தேறினால் இங்கிலாந்தில் தமிழர்கள் எடுப்பித்த ஒரு சிவன் கோயிலில் ஓதுவார் பணி. தேறாவிட்டால் இல்லை. அந்த ஊரில்தான் அவள் இருக்கிறாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லை, சம்பந்தமில்லை என்று இந்த ஐந்து மாதமாக அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பூப் போட்டிருந்தால் ஒரு லட்சார்ச்சனை நிறைவேறியிருக்கும். அவள் என்றால் மகள். பெயரைச் சொல்வதில்லை, நினைப்பதுமில்லை. நினைவு அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வந்ததும், பள்ளத்தைக் கண்ட வண்டிமாடு போலத் தானாகவே ஒதுங்கி நடக்கும். ஆறு வருஷத்துப் பழக்கம்.

மடியிலிருந்த கட்டை விரித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள், சுருள் கம்பி கோத்தது. அந்தக் கோயிலின் செயலாளர் பரஞ்சோதி கைப்பேசியில் அனுப்பிவைத்தது. ‘ஐயா, இங்கிலீஷ் புதுசாப் படிக்கிறவங்களுக்குன்னு போட்டது. வாசிக்கக் கதை இருக்கு, இலக்கணம் இருக்கு, பயிற்சி இருக்கு. எல்லாம் இலவசம். தினம் ஒரு பாடம் பாத்தாப் போதும்.’ இலவசம் என்ற சொல்லை அந்த மனிதர் உச்சரித்த பெருமிதத்தை நினைத்தால் இப்போதும் வாயில் கசந்தது. எதற்கு விலையில்லையோ அதற்கு விலை மதிப்பில்லாமலும் இருக்கலாம், விலை போகாததாகவும் இருக்கலாம். இது எது என்று முதல் பக்கத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரன் தாள்களைக் கோத்துக்கொண்டே கேட்டான்: “என்ன சாமி, இந்த வயசுல பீட்டர் விடப் போறீங்களா?” கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவன் வேடிக்கைக்குச் சொன்னது முழு உண்மை என்பது வீட்டுக்கு வந்து தாளைத் திறந்தபோதுதான் தெரிந்தது. முதல் பாடமே பீட்டர். பீட்டர் கடைக்குப் போகிறான். பீட்டர் ஆப்பிள் வாங்குகிறான். ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது. கடைக்காரர் நன்றி சொல்கிறார், பீட்டர் நன்றி சொல்கிறான், வானம் தெளிவாக இருக்கிறது. இவ்வளவுதான். எதற்காக ஆப்பிள்? வீட்டில் யாருக்காவது காய்ச்சலா, நைவேத்தியமா? ஒன்றுமில்லை. அவனுக்கு ஊரில்லை, குலமில்லை, குலதெய்வமில்லை, பசி கூட இல்லை. இரண்டாம் பாடத்தில் லிண்டா வருகிறாள். அவளுக்கு ஒரு சிறிய வீடு, வீட்டைச் சுற்றித் தோட்டம், தோட்டத்தில் மஞ்சள் பூக்கள். நாற்பது பாடங்கள் வரை அந்தத் தோட்டத்தில் ஒரு பூ கூட வாடவில்லை. முப்பத்தோராம் பாடத்தில் பீட்டரின் பூனை காணாமல் போகிறது. தேசிகர் அன்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார், சரி, இனியாவது யாராவது அழுவார்கள் என்று. பக்கத்தின் அடியிலேயே பூனை கிடைத்துவிட்டது. ஈசனிடம் இரந்தும் அழுதும் கூத்தாடியும் சொன்ன வாக்குகளை ஐம்பது வருஷம் மென்ற வாய்க்கு இதை ஊட்டுவது, பல் முளைத்த பிள்ளைக்கு மறுபடி சங்கில் பாலைப் புகட்டுவது போன்றது. பால் கூட இல்லை. பால் பொடி கரைத்த வெந்நீர்.

போகட்டும், எழுதியவன் யார்? அதுவும் இல்லை. கட்டை முன்னும் பின்னும் புரட்டியாயிற்று. பதிகம் என்றால் பத்துப் பாட்டு, அதற்கு மேல் ஒரு பாட்டு. அந்த ஒன்றில் பாடியவர் இன்ன ஊரர், இன்னார் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லி, இதை ஓதுவார்க்கு இன்ன பயன் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுப்பார். பிணி தீரும், வினை தீரும், வானுலகு ஆளலாம். இங்கே என்ன பயன்? கடைசித் தாளில் ‘வாழ்த்துகள், நீங்கள் முதல் படியை முடித்துவிட்டீர்கள்’ என்று ஒரு நட்சத்திரப் படம். நட்சத்திரம்! பெற்றவன் பெயர் சொல்லத் துணியாமல் குப்பைத்தொட்டி ஓரத்தில் விட்டுப்போன பிள்ளை போல இந்தப் பாடங்கள் ஊரெல்லாம் கிடக்கின்றன, வருகிறவன் போகிறவன் எடுத்துக்கொள்ளலாம். இந்த உவமை எழுந்ததும் தேசிகருக்கு எங்கோ இடறியது. பெற்றவன் பெயர் சொல்லாத பிள்ளை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அங்கவஸ்திரத்தால் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தார். இலவசம் என்பதில் வேறொரு முள்ளும் இருந்தது. அது நேற்று ரயிலிலேயே குத்தியது. அவருக்கு வாய்த்த கல்வி மட்டும் காசு கொடுத்தா வாங்கியது? மடத்துப் பாடசாலையில் எட்டு வயதில் சேர்த்தபோது ஒரு தம்பிடி கேட்கவில்லை. காலையில் கஞ்சி, மதியம் சோறு, இரண்டுக்கும் நடுவே பண், தாளம், பிரம்படி. எல்லாம் இலவசம். அப்படியானால்... அப்படியானால் ஒன்றுமில்லை. அந்தச் சோற்றுக்குப் பின்னால் ஒரு பெயர் இருந்தது, ஓர் ஆதீனம் இருந்தது, அடித்த கைக்கு ஒரு முகம் இருந்தது. இந்தத் தாளைத் தந்த கைக்கு முகமே இல்லையே. ஆனால் ஒரு நாள் வீட்டில் என்ன நடந்தது? பாயில் கிடந்த தாள்கட்டின் மேல் கால் பட்டுவிட்டது. பீட்டர் மேல்தான் பட்டது, லிண்டா மேல்தான் பட்டது. ஆனாலும் கை தானே கீழே போய், தாளைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டது. காபி கொண்டுவந்த தையல்நாயகி, அவருடைய மனைவி, அதைப் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. “அதுவும் படிப்புதானே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

“ஐயா, நீங்களும் எக்ஸாமுக்கா?” பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள். இருபத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் ஒரு மெல்லிய சிலுவை, கை விரல்களைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஆமாம் என்றார். “நான் யாரையோ விட வந்திருக்கீங்கன்னுல்லா நெனச்சேன். எம் பேரு ஷைனி, நாகர்கோவில் பக்கம். நர்ஸு.” நர்ஸ். ஊரில் வேறு வேலையே இல்லையா, எல்லாப் பெண்களும் நர்ஸா? அவள் பதிலுக்காக நிறுத்துகிறவளாகத் தெரியவில்லை. “எனக்கு இது மூணாவது தடவ. வாசிப்பு, எழுத்து எல்லாம் பாஸு. வாயத் தொறந்தாத்தான் வயித்தக் கலக்கும். ஐய, இது அந்தப் பீட்டரு லிண்டாவா! நானும் இததான் படிச்சேன். ஃப்ரீதானே. நீங்க கவனிச்சியளா, நாப்பது பாடம் வந்தாச்சு, ரெண்டு பேரும் கல்யாணம் பேசவே இல்ல. சும்மா பார்க்கு, சும்மா டீ. எங்க ஊரா இருந்தா மூணாம் பாடத்துலயே அவ அண்ணன் வந்து பீட்டர்க்க முட்டிய ஒடைச்சிருப்பான்.” அவருக்குச் சிரிப்பு வந்தது, வந்ததை இருமலாக மாற்றி விழுங்கினார். இந்த இளக்காரம் தமக்கே உரியது என்றல்லவா இருந்தார், இவளுக்கும் இருக்கிறதே. “எங்க போறீங்க ஐயா? மக்கள் யாராச்சும் அங்க இருக்காங்களா?” கோயில் வேலை என்றார். கேட்டது அதுவல்ல என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு ரகசியம் போலச் சொன்னாள்: “ஒரு காரியம் சொல்லட்டா? எனக்குச் சொல்லித் தந்த டீச்சர் சொன்னது. கேள்விக்கு உள்ள நெசத்தத் தேடாண்டாம். தெரிஞ்ச வார்த்தையச் சொல்லு. அப்பா செத்துப்போனா ‘செத்துப்போனாரு’ன்னு சொல்லி அப்புறம் திணறாண்டாம், ‘மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்’ன்னு சொல்லிட்டுப் போயிரு. அவங்க மார்க் போடுறது பேச்சுக்கு, அப்பாவுக்கு இல்ல.” உன் அப்பா? என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்குள் பதினேழு பதினெட்டாகியது. கேட்காததும் ஒரு வசதியாகத்தான் இருந்தது.

தெரிந்த வார்த்தையைச் சொல். என்ன உபதேசம்! நா என்பதை இவர்கள் வெற்றிலைப் பெட்டி போல வைத்திருக்கிறார்கள், திறந்து கைக்கு அகப்பட்டதை எடுத்து நீட்டலாம். அவருடைய நாவுக்கு அப்படி நடுவில் கைவிட்டு எடுக்கத் தெரியாது, அதுதான் தொல்லை. ஓதுகிறவன் தலையிலிருந்து வருவான். ஏழாம் பாட்டு வேண்டுமென்றால் முதற்பாட்டிலிருந்து மனத்துக்குள் ஓடித்தான் ஏழுக்கு வரவேண்டும். நடுவில் அறுந்தால் மறுபடி முதல். இந்த ஐந்து மாதமும் பீட்டரையும் அப்படித்தான் படித்தார், வேறு விதமாகப் படிக்க அவருக்குத் தெரியாது. அதுவும் வெறும் உரையாகப் படித்தால் நிற்கவில்லை. காலையில் ஏற்றியது மாலையில் ஒழுகிவிடும். ஒரு நாள் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது வினைச்சொற்களின் பட்டியல் தானாகவே ஒரு பண்ணில் ஏறி உட்கார்ந்தது. கோ வென்ட் கான், சீ சா ஸீன், கிவ் கேவ் கிவன். கொல்லிப் பண்ணில். ஏறினதும் நின்றுவிட்டது, கல்லில் வெட்டினாற்போல. அபசாரம் என்று தெரியும். ஆனாலும் தேர்வுக்கு நாள் குறைவு, இறைவன் பொறுப்பான் என்று தாமே இறைவனுக்காகச் சமாதானமும் சொல்லிக்கொண்டார். பொறுத்தானா? மறுநாள் காலசந்திப் பூசை. தீபாராதனை முடிந்தது, மணி ஓய்ந்தது, திருச்சிற்றம்பலம் என்று வாயெடுத்துக் கொல்லியில் தொடங்கினார். தொடங்கியவருக்கு அடுத்த கணம் எதிரே சுவாமி, காதிலே தம் குரல், குரலிலே ‘கோ வென்ட் கான்’. போ, போனான், போய்விட்டான். கருவறையில் விளக்கு ஆடாமல் எரிந்தது. தட்டோடு திரும்பிய கல்யாணராம குருக்கள் ஒரு நிமிஷம் நின்றார். “என்ன ஓதுவாரே, சுவாமிக்கும் பாஸ்போர்ட் எடுத்தாச்சா?” என்றார். அர்ச்சனைக்கு நின்றிருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. தாளைக் கிழித்துவிடுவதாக எடுத்தார், கிழிக்கவில்லை. கிழிக்காததற்குக் காரணம் அந்த ஊரில் பாட ஆளில்லாமல் இருக்கும் ஈசன்தான். வேறு யாரும் இல்லை.

வேறு யாரும் இல்லையென்றால், தையல்நாயகி இதற்கெல்லாம் முன்பே ஒரு நாள் சொன்னது ஏன் இப்படிக் காதிலேயே தங்கிவிட்டது? அவள் மகளோடு பேசுகிறாள், அவருக்குத் தெரியும். தெரியும் என்று அவளுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் துணி உலர்த்த மாடிக்குப் போனால் அரை மணி ஆகும். ஈரத்துணி இரண்டுதான் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை இறங்கி வந்து, கொடியைச் சுருட்டிக்கொண்டே, கொடியிடம் சொல்வது போலச் சொன்னாள்: “அந்தக் கோயில்ல பாட ஆளில்லையாம். ஒலிப்பெட்டியில போடுறாங்களாம். அவ வேலை முடிஞ்சு வந்து கடைசித் தூணுகிட்ட உக்காந்துக்குறாளாம். போன வாரம் உங்க குரலு வந்துச்சாம். எந்த வருஷத்துல பதிஞ்சதோ. எந்திரிச்சு வெளிய போயிட்டாளாம்.” போனவள் போகட்டும் என்று அவர் சொன்னார். “போனவ மறுபடி உள்ள வந்து உக்காந்தாளாம், அதையும் கேளுங்க” என்றாள் தையல்நாயகி. அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் பரஞ்சோதி என்கிற முன்பின் தெரியாத மனிதர் பேசியது. தற்செயல். ஈசன் செயல். துணி உலர்த்துகிறவர்களின் செயலாகவும் இருக்கலாம். அதை அவர் விசாரிக்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் தொலைபேசியில் சொன்ன வார்த்தை இன்னும் வார்த்தைக்கு வார்த்தை நிற்கிறது, பண்ணில்லாமலே. “அப்பா, பதிவு அலுவலகத்துல கல்யாணம் முடிஞ்சிருச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க, நான் உங்க சொல்ல மீறவேண்டி வந்திருக்கும். சொல்லாமப் பண்ணினதால நான் எதையும் மீறலப்பா. யோசிச்சுப் பாருங்க.” யோசித்துப் பார்க்கவாம்! அந்தப் பையனுக்கு நெற்றியில் நீறில்லை, கேட்டால் சாமியே இல்லை என்பானாம். நல்லவன் என்று தையல்நாயகி சொல்கிறாள், நல்லவர்களுக்கு என்ன குறைச்சல், லிண்டாவின் தெருவெல்லாம் நல்லவர்கள். அதைவிட எரிந்தது அந்தத் தர்க்கம். அவருடைய தர்க்கமே அது. பிரதோஷ விரதத்தன்று பசித்தால் ‘சோறுதான் கூடாது, அவல் சோறில்லை’ என்று சொல்லும் அதே தர்க்கம். ஐப்பசி மாதம். காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போனது. போய் மூன்று முழுக்குப் போட்டுத் தலைமுழுகினார், செத்தவர்களுக்குச் செய்வதுபோல. ஈரத்தோடு அம்பாள் சந்நிதியில் நின்று, இனி அந்தப் பெயர் இந்த நாவில் ஏறாது என்று ஆணையிட்டார். அப்போதும் குருக்கள்தான் பின்னால் இருந்தார். “ஓதுவாரே, அது அம்பாள் திருநாமமுமாச்சே. பார்த்துச் சொல்லப்படாதோ?” காதில் விழாதது போல இறங்கி வந்துவிட்டார். விழாமல் என்ன? கொன்றையூர் அம்பாளுக்கு நேர்ந்து பெற்று, அந்த அம்பாளின் பெயரையே அல்லவா இட்டது? அன்றிலிருந்து இன்றுவரை, ஆறு வருஷம், நாளுக்கு நாலு காலம், அந்தச் சந்நிதியில் அவர் தாயே என்பார், அம்மையே என்பார், உமையே என்பார். பெயர் வரும் இடத்தில் மட்டும் தாளத்தைக் கொஞ்சம் ஓங்கித் தட்டுவார். கேட்பவர்கள் லயிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். மகளை வெறுக்கப் போய் மகாதேவியைப் பெயரில்லாதவள் ஆக்கியவன் இந்தப் பூமியில் வேறு எவன் இருப்பான்? ஆணையை எடுத்துவிடலாம், பிராயச்சித்தம் உண்டு என்று குருக்கள் இரண்டு முறை சாடையாகச் சொன்னார். பிராயச்சித்தம்! செய்த தவறுக்கல்லவா அது. செய்தது தவறு என்று முதலில் சொல்லியாக வேண்டுமே. அதையும் இந்த நாவால்தானே சொல்ல வேண்டும்.

ஷைனி எழுந்தாள். இருபத்தொன்று. “ஜெபம் பண்ணிக்கிடுங்க ஐயா, உங்க சாமிகிட்ட” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள், ஒரு செருப்பின் வார் அவிழ்ந்திருந்தது. அவர் தலையிலிருந்து தொடங்கினார். பீட்டர் கடைக்குப் போகிறான். இறைவனை ‘நீ’ என்கிற மொழியில் பாடியவர் அவர். நாயையும் நாயகனையும் ஒரே ‘யூ’வில் அடக்குகிறார்களே என்று பரஞ்சோதியிடம் ஏளனம் பேசியபோது, தம் பதிகங்களும் ஈசனை நீ என்றும் உன் என்றும் இழுத்துப் பேசுவது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் வேறு ஏளனம் தேடியிருப்பார். பீட்டர் ஆப்பிள் வாங்குகிறான். கை சில்லிட்டிருந்தது, குளிரூட்டியால். தேறாவிட்டால் என்ன? ஒன்றுமில்லை, ரயிலேறி ஊர் போய்ச் சாயரட்சைப் பூசைக்கு நின்றால் ஆயிற்று. தையல்நாயகி கேட்கமாட்டாள். கேட்காமல் மாடிக்குப் போவாள். அங்கே ஒலிப்பெட்டி இந்த ஆறு வருஷத்துக்குள் பதிந்த அவர் குரலில் பாடும், கடைசித் தூணருகில் அவள் உட்கார்ந்திருப்பாள், பெயர் வரும் இடத்தில் தாளம் ஓங்கித் தட்டும், அவளுக்கு மட்டும் தெரியும் அது ஏன் என்று. தெரியும். அவளுக்குப் பண் சொல்லிக்கொடுத்தவர் அவரே. அதனால்தான் எழுந்து போயிருக்கிறாள். இது இத்தனை மாதமாக ஏன் உறைக்கவில்லை? இருபத்திரண்டு என்று சிவப்பு மாறியது. ஷைனி வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

உள்ளே ஒரு மேசை, அதன்மேல் கையகலப் பதிவுக்கருவி, எதிரே முப்பது வயதுள்ள ஒரு பெண். தமிழ்ப்பெண்தான், மூக்குத்தியும் முகமும் தஞ்சாவூர்ப் பக்கம் என்றே சொல்லின. ஆனால் அந்தக் கதவுக்குள் அவள் தமிழ் அறியாதவளாக இருப்பது விதி போலும். கருவியில் சிவப்புப் பொட்டு எரிந்தது. “குட் மார்னிங்” என்றாள். “திருச்சிற்றம்பலம்” என்றார் தேசிகர். வாயைத் திறந்தால் முதலில் அதுதான் வரும், அதை அவரால் தடுத்திருக்க முடியாது. அவள் இமைக்காமல் காத்திருந்தாள். பெயரைக் கேட்டாள். “வாட் இஸ் யுவர் நேம் மை நேம் இஸ் அம்பலவாணன்” என்றார், கேள்வியையும் விடையையும் ஒரே மூச்சில், தாளில் இருந்தபடி. தவறு என்று உடனே தெரிந்தது, காதுமடல் எரிந்தது. அவள் ஏதோ குறித்தாள். எழுது அம்மா, எழுது. ஐம்பது வருஷ ஓதுவாருக்கு மதிப்பெண் போடு. ஊரைக் கேட்டாள், கொன்றையூர் என்றார். உணவைக் கேட்டாள், ஆப்பிள் பிடிக்கும் என்றார். வாழ்நாளில் மூன்று முறை தின்றிருப்பார். தெரிந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வழுக்கிக்கொண்டு வருகிறது என்று வியந்தார், வியந்து அருவருத்தார். குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். மனத்துக்குள் முதற்பாடத்திலிருந்து ஓடி இரண்டாம் பாடத்துக்கு வந்து சேர்ந்தார். “ஐ ஹேவ் எ வைஃப். ஐ ஹேவ் எ டாட்டர்.” சொல்லியாயிற்று. ஒன்றும் இடியவில்லை. எனக்கொரு மகள் இருக்கிறாள் என்று தமிழில் ஆறு வருஷமாக எவரிடமும் சொல்லாதது, உப்பில்லாத இந்த மொழியில் தும்மல் போல வெளியே விழுந்துவிட்டது. “ஷீ இஸ் எ நர்ஸ். ஷீ லிவ்ஸ் இன் எ ஸ்மால் ஹவுஸ். தேர் இஸ் எ கார்டன்.” தோட்டம் லிண்டாவுடையது. அவளுக்குத் தோட்டம் உண்டா, மாடிக் குடித்தனமா, வாசல் கிழக்கா மேற்கா, ஒன்றும் அவருக்குத் தெரியாது. “தி ஃப்ளவர்ஸ் ஆர் எல்லோ” என்றார் மேலும், நிறுத்தத் தெரியாமல்.

“வாட் இஸ் யுவர் டாட்டர்ஸ் நேம்?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

முதல் பாடத்துக் கேள்வி. அதைவிட எளிய கேள்வி இருநூற்றுப் பன்னிரண்டு தாளிலும் இல்லை. “ஹர் நேம் இஸ்” என்று நா ஓடிப்போய் நின்றது. தாளின்படி அடுத்தது லிண்டா. லிண்டா என்று சொன்னால் போதும், மார்க் பேச்சுக்குத்தான், மகளுக்கில்லை. பதிவுக்கருவி மறுக்காது, இந்தப் பெண் மறுக்கமாட்டாள், ஆணையும் மீறினதாகாது. அவலும் சோறில்லை. எவ்வளவு சுத்தமான வழி! சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. வந்த வழியெல்லாம் இப்படிச் சுத்தமான வழியாகவே வந்து, அம்பாளுக்கும் பெயரில்லை, மகளுக்கும் பெயரில்லை, இப்போது மிச்சம் இருப்பது ஒரு மஞ்சள் பூ. தூ என்று உமிழத் தோன்றியது. உமிழ வேண்டிய இடம் கண்ணாடியில்தான் தெரியும். அந்தப் பெண் பேனாவை எடுத்துக் காத்திருந்தாள். “ஹர் நேம் இஸ்,” என்று மறுபடி தொடங்கினார், “கருந்தடங்கண்ணி.”

சொன்னது அவர் காதுக்கே சரியாக எட்டவில்லை. தொண்டை அந்தச் சொல்லின் அளவை மறந்திருந்தது. “சாரி? கேன் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?” என்றாள் அவள். ப்ளீஸாம். சாரியாம். காசு போகாத வார்த்தைகளை இப்படிப் பொரியாக வாரி இறைக்கிறார்களே என்று அவருக்கு ஒரு கணம் பழைய எரிச்சல் மூண்டது. மூண்ட அந்த எரிச்சலின் பலத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்து, “கருந்தடங்கண்ணி” என்றார். இம்முறை குரல் சந்நிதியில் எழுவது போல எழுந்தது. கண்ணாடிக்கு அப்பால் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பெண் எழுதினாள், எழுதும்போது எழுத்துக்கூட்டத் தயங்கவில்லை என்பதை அவர் கவனித்தார். பிறகு விதிப்படி அடுத்த கேள்வியைக் கேட்டாள், உங்கள் மகள் விடுமுறை நாட்களில் என்ன செய்வாள் என்று. பார்க்குக்குப் போவாள், தேநீர் அருந்துவாள், பூனையோடு விளையாடுவாள். தலையிலிருந்து ஓடி வந்த பாடங்கள் வரிசையாகக் கைகட்டி நின்றன. தேசிகர் அவற்றை நிற்கவைத்தார்.

“ஐ டோண்ட் நோ,” என்றார். அவள் இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தாள். அவர் வார்த்தைகளை ஒவ்வொன்றாக, இலக்கணம் சரியா என்று கூடப் பாராமல், எடுத்து வைத்தார். “டுடே ஐ வில் ஃபோன். ஐ வில் ஆஸ்க் ஹர்.”